வரைந்தவன் எந்தப் பக்கம்?

கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடிய எல்லோருக்கும் ‘டஸ்ட் 2’ தெரியும். ஆடாதவர்களுக்கும் அந்த மணல் நிறச் சுவர்களை எங்கேயோ பார்த்த ஞாபகம் இருக்கும். தெருமுனை பிரவுசிங் சென்டரில் பள்ளி யூனிஃபார்மோடு பையன்கள் வரிசையாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்களே, அந்தத் திரைகளில் ஓடியது பெரும்பாலும் அதுதான். அதை வரைந்தவர் டேவ் ஜான்ஸ்டன் என்ற இங்கிலாந்துக்காரர். 1999-ல் முதல் ‘டஸ்ட்’டைச் செய்தபோது அவர் பதின்வயதுப் பையன். கவுண்டர் ஸ்ட்ரைக்கே அப்போது கடையில் விற்கும் சரக்கு இல்லை. ‘ஹாஃப் லைஃப்’ என்ற விளையாட்டின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர் சேர்ந்து கட்டிய இன்னொரு விளையாட்டு. மேப்கள் பலவும் ஆர்வத்தில் செய்கிறவர்களிடமிருந்து வந்தன. அப்போது இன்னும் வெளிவராத ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’-வின் படங்களைப் பார்த்துத்தான் அந்த மணல் ஊர் தன் மனதில் வந்தது என்று ஜான்ஸ்டனே எழுதியிருக்கிறார். 2001-ல் டஸ்ட் 2 வந்தது. இன்றும் அதற்குள் யாரோ ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு டஸ்ட்டைவிட அதை வரைகிற மாதிரியான ஆளின் நிலைமைதான் யோசிக்க வைக்கிறது. நடுவர் ஆடுவதில்லை. கபடிக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற பெரியவர் கோட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கிரிக்கெட்டில் பிட்ச் தயாரிப்பவர்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. சேப்பாக்கத்தில் முதல் நாளே பந்து திரும்பினால் ‘நமக்காகத்தான் போட்டிருக்காங்க’ என்று நாமே பேசிக்கொள்வோம். ஆனால் அவரும் பேடைக் கட்டிக்கொண்டு இறங்குவதில்லை. மேப் செய்கிறவன் மட்டும்தான் களத்தைத் தன் கையால் கட்டிவிட்டு, அதே ராத்திரி ஓர் அணியின் ஐந்து பேரில் ஒருவனாக அதற்குள் இறங்குகிறான். களம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அவனுக்கோ ஒரு பக்கம் இருக்கிறது, ஒரு க்ளான் இருக்கிறது. இது எப்படி ஒரே ஆளுக்குள் ஒத்துப்போகும்?

திருச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில், 2000-களின் பின்பாதியில், இந்தக் கேள்வியை நான் நேரில் பார்த்தேன். அப்போது அதற்குக் ‘கேள்வி’ என்று பெயர் இல்லை, ‘சண்டை’ என்று பெயர்.

எங்கள் விடுதியில் ஏ பிளாக், பி பிளாக் என்று இரண்டு கட்டடம். காசு போட்டு வாங்கிய எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று, ஜன்னல் வழியாக மாடிக்கு மாடி தொங்கிய நீலக் கேபிள், பென் டிரைவில் கைமாறி வந்த 1.6. பிளாக்குக்கு ஒரு க்ளான். க்ளான்களுக்கு வைத்த ஆங்கிலப் பெயர்களை இப்போது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

க்ளான் என்றால் என்ன என்று ஆடாதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். சுடுவது அதில் சின்னப் பகுதி. பெரிய பகுதி பேச்சு. ‘மிட்ல ரெண்டு’, ‘லாங் க்ளியர்’, ‘டேய், பின்னாடி பாரு, பின்னாடி!’ ஒருவன் பார்ப்பதை ஐந்து பேர் பார்க்கிறோம். நான் செத்த பிறகும் என் கண் உயிரோடு இருக்கிறது, நான் கடைசியாகச் சொன்ன வார்த்தையை வைத்து இன்னொருவன் மூலையில் திரும்புகிறான். எங்கள் கேப்டன் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன். பகலில் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். வைவா என்றால் கை வியர்க்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அவன் குரல் வேறு. அவன் ‘இப்ப போ’ என்றால் நாங்கள் போவோம். ஏன் என்று கேட்டதில்லை. அந்த நான்கு வருடத்தில் வேறு எந்த இடத்திலும், வேறு எதற்காகவும், நான் யாரையும் அவ்வளவு முழுசாக நம்பியதாக நினைவில்லை.

அந்த ஐந்து பேரில் ஒருவன்தான் மேப் வரைகிறவன். எங்கள் வருடம்தான், மெக்கானிக்கல். ‘ஹேமர்’ என்ற மென்பொருளைத் தானே தோண்டித் தோண்டிக் கற்றுக்கொண்டான். அது ஒரு கொத்தனார் வேலை மாதிரி. ஆள் நின்றால் 72 யூனிட் உயரம், குனிந்தால் 36. கத்தியைக் கையில் வைத்து ஓடினால் வினாடிக்கு 250 யூனிட். இந்த எண்களிலிருந்துதான் ஊரே எழும்பும். சுவர் எவ்வளவு உயரம், ஜன்னல் எங்கே, இரண்டு அணியும் நடுவில் எத்தனையாவது வினாடியில் சந்திக்கும் என்பதெல்லாம் அதில் அடக்கம். ஓர் அணி ஒரு வினாடி முன்னால் மூலைக்கு வந்துவிட்டால் மொத்த ஆட்டமும் சாய்ந்துவிடும்.

வரைந்து முடித்த பிறகு அதைக் கம்பைல் செய்ய வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஊசி நுழைகிற சந்து இருந்தாலும் ‘லீக்’ என்று முறைக்கும். வெளியே இருக்கிற வெறுமை உள்ளே வந்துவிடுமாம். உலகம் முழுசாக மூடியிருக்க வேண்டும். அடுத்து ‘விஸ்’ என்று ஒரு கட்டம். மேப்பின் எந்த இடத்திலிருந்து எந்த இடம் கண்ணுக்குத் தெரியும் என்று ஒவ்வொரு மூலைக்கும் கணக்குப் போடுகிற வேலை. அவனுடைய பழைய பெட்டியில் அது ராத்திரி முழுக்க ஓடும். ‘விஸ் ஓடுது, தொட்டா கொன்னுடுவேன்’ என்று கீபோர்டின் மேல் பேப்பர் ஒட்டிவிட்டுத் தூங்குவான். பிறகு அது எங்கள் விடுதியின் பழமொழியே ஆகிவிட்டது. எவனாவது சோற்றைப் பிசைந்தபடி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், ‘விடு, விஸ் ஓடுது’.

மூன்றாம் வருடத்தில் அவன் எங்கள் ஏ பிளாக்கையே மேப்பாகச் செய்தான். தான் வாழும் இடத்தை மேப்பாக்குவது இந்த ஆட்கள் எல்லோருக்கும் வருகிற ஆசை. 2007-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு மாணவன் தன் பள்ளியைக் கவுண்டர் ஸ்ட்ரைக் மேப்பாகச் செய்தது தெரியவந்து, அவனை மாற்றுக் கல்வி மையத்துக்கு அனுப்பினார்கள். வர்ஜீனியா டெக் துப்பாக்கிச்சூடு அப்போதுதான் நடந்திருந்தது. அந்த ஊரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு கட்டடத்தின் படிக்கட்டை ஒவ்வொன்றாக எண்ணி, குழாயடிச் சுவரின் நிறத்தைச் சரியாகக் கொண்டுவர மூன்று நாள் செலவழிக்கிறவன் அந்தக் கட்டடத்தை வெறுக்கிறான் என்று என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் வார்டன் மேப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: ‘என் ரூம் மட்டும் ஏன்டா இவ்வளவு சின்னதா இருக்கு?’

அவன் கண்டுபிடித்த விஷயம் இதுதான்: உண்மையான இடம் எதுவும் ஆட்டத்துக்கு நியாயமாக இருப்பதில்லை. எங்கள் காரிடார் ஒரே நேர்கோடு. ஒரு முனையில் ஸ்னைப்பரோடு ஒருவன் பதுங்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது. மெஸ்ஸுக்கு ஒரே வாசல். உள்ளே இருப்பவனை யாராலும் வெளியே எடுக்க முடியாது. மாடிப்படி ஒரு பக்கத்துக்கு மட்டும் பக்கம். அப்படியே வரைந்தால் அது விடுதியின் மாதிரியாக இருக்கும், களமாக இருக்காது. அதனால் பொய் சொல்ல ஆரம்பித்தான். மெஸ்ஸின் கை கழுவும் இடத்துக்குப் பின்னால் இல்லாத ஒரு வாசலைத் திறந்தான். கிழக்குப் படிக்கட்டை அடைத்தான். காரிடாரின் பார்வையை மறைக்கப் பழைய கட்டில்களை அடுக்கினான். நிஜத்திலும் அங்கே உடைந்த கட்டில்கள் கிடந்தன, ஆனால் மேப்பில் எட்டு அதிகம். நியாயம் என்பது ஏற்கெனவே எங்கேயோ கிடக்கிறது, கெடுக்காமல் விட்டால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவன் திரையைப் பார்த்தபோது அது கட்டில் கட்டிலாகத் தூக்கி வைக்க வேண்டிய சாமான் என்று தோன்றியது.

வியாழக்கிழமை ராத்திரி விஸ் முடிந்தது. சனிக்கிழமை பி பிளாக்கோடு மேட்ச். தோற்றவர்கள் பைபாஸில் பரோட்டா வாங்கித்தர வேண்டும். கேப்டன் கணக்குப் போட்டான்: இரண்டு ராத்திரி நாம் மட்டும் ஆடிப் பழகுவோம், சனிக்கிழமை சாயங்காலம் அவர்களிடம் ஃபைலைக் கொடுப்போம். எங்கள் எல்லோருக்கும் அது இயல்பாகத்தான் பட்டது. நம்ம பையன் செய்த மேப். வரைந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். பென் டிரைவோடு பி பிளாக்குக்குப் போய், அவர்கள் கேப்டன் கையில் கொடுத்துவிட்டு, எங்கெங்கே என்ன இருக்கிறது என்று ஒரு சுற்றுக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்திருந்தான்.

அன்றைக்கு நடந்த வாய்ச்சண்டையில் அவனுக்கு எதிராகச் சொல்லப்பட்டவை எதுவும் முட்டாள்தனமானவை இல்லை. க்ளான் என்றால் ரகசியம் இருக்கும். ஸ்மோக்கை எங்கே வீச வேண்டும், மூன்றாவது ரவுண்டில் எப்படி ஏமாற்ற வேண்டும் என்றெல்லாம் மாதக்கணக்கில் பழகி ஒளித்து வைத்திருந்தோம். அதை வெளியே சொல்கிறவன் துரோகி. அப்படியென்றால் மேப்பை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? இதுவும் நம்ம உழைப்புதானே?

பல வருடம் கழித்து ஜான் ரால்ஸைப் படித்தபோது எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. 1971-ல் வந்த புத்தகத்தில் அவர் சொல்லும் ‘அறியாமைத் திரை’ பலருக்கும் தெரிந்திருக்கும். நீ பணக்காரனாகப் பிறப்பாயா ஏழையாகவா என்று தெரியாமல் இருக்கும்போது ஒரு சமூகத்துக்கு விதி எழுதச் சொன்னால் நியாயமாக எழுதுவாய் என்பது யோசனை. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் இது நடைமுறையிலேயே இருக்கிறது, இன்னும் கறாராக. நாங்கள் ஆடிய காலத்தில் பதினைந்து ரவுண்டு முடிந்ததும் பக்கம் மாறிவிடும். எந்தப் பக்கம் பிறப்போம் என்று தெரியாமல் இருக்கத் தேவையே இல்லை. இரண்டு பக்கமும் பிறப்போம் என்று நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் மேப்பின் இரண்டு பாதியும் கண்ணாடி மாதிரி ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை. முதல் டஸ்ட்டில் காவல் பக்கத்துக்குக் கை ஓங்கியிருந்தது ஆடிய எல்லோருக்கும் தெரியும். பரவாயில்லை, பாதி ஆட்டம் கழித்து அந்த ஓங்கிய கை உனக்கும் வரும்.

ஆனால் திரைக்கும் பக்கம் மாறுவதற்கும் எட்டாத ஒன்று இருக்கிறது, அதுதான் எங்கள் சண்டை. பக்கம் மாறும்போது துப்பாக்கி மாறும், இடம் மாறும். தெரிந்தது மாறாது. மெஸ்ஸுக்குப் பின்னால் வாசல் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால் அது இரண்டு பாதியிலும் எனக்குத் தெரியும்.

அவன் செய்ததை இப்போது எனக்கு விளக்கத் தெரிகிறது. நான் என்ன செய்யப்போகிறேன் என்பது ஒரு ரகசியம். இங்கே என்ன இருக்கிறது என்பது வேறு ரகசியம். முதலாவதை ஒளிப்பது ஆட்டம். இரண்டாவதை ஒளித்தால் ஆட்டத்தையே ஒளித்து வைத்த மாதிரி. வித்தியாசம் பார்க்க எளிய வழி, தோற்றவன் முகம். எங்கள் ஸ்மோக்கில் ஏமாந்த பி பிளாக்காரன், ‘ச்சே, இதை நான் யோசிச்சிருக்கணும்’ என்பான். இல்லாத வாசலிலிருந்து வந்து சுட்டால், ‘அங்க வாசல் இருக்குன்னு எனக்கு எப்படிடா தெரியும்?’ என்பான். முதல் வாக்கியத்தைச் சொல்கிறவன் அடுத்த வாரமும் ஆட வருவான். இரண்டாவதைச் சொல்கிறவனுக்கு வர ஒரு காரணமும் இல்லை.

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவக்காரர் 1978-ல் விளையாட்டைப் பற்றி ஒரு விசித்திரமான, சிரிக்க வைக்கிற புத்தகம் எழுதினார். விளையாட்டு என்றால் தேவையே இல்லாத தடைகளை மனமுவந்து ஏற்றுக்கொள்வது என்பது அவர் வாதம். மனமுவந்து என்பதுதான் அதில் கனமான சொல். தனக்குத் தெரியாத தடையை ஒருவன் எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்?

இதே நூலைப் பிடித்துக்கொண்டு மேப் யாருடைய சொத்து என்று கேட்டால் பதில் வேறு திசையில் போகும். ‘டோட்டா’ ஒரு வார்கிராஃப்ட் 3 மேப்பாகத்தான் பிறந்தது. 2003-ல் யூல் என்ற புனைபெயர்க்காரர் தொடங்கி, பல கை மாறி, ஐஸ்ஃப்ராக் என்பவரிடம் வந்து சேர்ந்தது. வரைந்தவர்கள் அதைக் கோயில் தேர் மாதிரி அடுத்த தெருவிடம் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்னால் நிறுவனங்கள் அந்தப் பெயருக்காக வழக்குப் போட்டு, சமரசம் செய்துகொண்டன. 2020-ல் அதே வார்கிராஃப்ட் 3 புதுப்பதிப்பாக வந்தபோது, அதில் மக்கள் செய்கிற மேப்கள் எல்லாம் தங்களுக்கே சொந்தம் என்று பிளிசார்ட் விதியில் எழுதிக்கொண்டது. தேரை இழுத்தவர்கள் யாரும் கேட்காத உரிமை அது.

கேப்டனிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அன்றைக்கு அவன் கடைசியாகச் சொன்னதற்கு இன்றுவரை எனக்கு முழுசான பதில் கிடையாது. கத்தி முடித்து எல்லோரும் களைத்த பிறகு மெதுவாகச் சொன்னான்: ‘எனக்கு எவன்டா முன்னாடியே மேப் குடுத்தான்?’

அவன் சொன்னது கவுன்சிலிங்கை. 2018-ல் ஆன்லைனுக்கு மாறும்வரை பொறியியல் கவுன்சிலிங்குக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் மாணவர்கள் சென்னைக்கு, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும். அவன் அப்பாவோடு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினான். திரையில் கல்லூரிப் பெயர்களும் மீதமிருக்கிற சீட்டுகளும் ஓடின. சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். எந்தக் கல்லூரி எப்படி, எந்தப் பாடத்துக்கு வேலை உண்டு, எதைக் கேட்டால் எது போய்விடும் என்று ஒன்றும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் மடியில் கல்லூரிகளை வரிசைப்படுத்திய பட்டியல் இருந்தது, அவன் மாமா போட்டுக் கொடுத்தது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கட்-ஆஃப். விதி இருவருக்கும் ஒன்று. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஒருவன் அந்த இடத்துக்குள் முன்பே நடந்து பார்த்திருந்தான்.

இப்படிப்பட்டவன், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கைக்கு முன்கூட்டியே ஒரு மேப் வந்தபோது அதை எதிராளிக்குத் தூக்கிக் கொடுக்கச் சொன்னால் எப்படிக் கொடுப்பான்? வழி தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்பதை அவன் புத்தகத்தில் படிக்கவில்லை. பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தவனோ டவுனில் வளர்ந்தவன், வீட்டிலேயே ஒரு இன்ஜினியர் உண்டு. நியாயமாக இருப்பது அவனுக்குக் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது என்று சொல்லலாம், கேப்டனும் அதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னான். இது வரைந்தவனின் செயலைத் தவறாக்கவில்லை. ஆனால் அந்தச் செயலின் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்காமல் அவனைப் பாராட்டிவிட்டுப் போகவும் எனக்கு மனசு வரவில்லை. பி பிளாக்குக்குக் கொடுப்பதற்கு முன்னால் கேப்டனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசியிருந்தால் கொடுக்க விட்டிருக்க மாட்டோம் என்பதும் உண்மை.

சனிக்கிழமை மேட்ச் நடந்தது. எங்கள் பிளாக் என்பதால் எங்களுக்கு அனுகூலம் என்று பி பிளாக் முனகியது. நடந்தது தலைகீழ். எங்கள் கால்களுக்கு நிஜ விடுதி அத்துப்படியாக இருந்ததால் அவை மேப்பில் தப்புத் தப்பாகப் போயின. எங்களில் ஒருவன் குண்டடி பட்ட அவசரத்தில், வரைந்தவன் அடைத்து வைத்திருந்த கிழக்குப் படிக்கட்டை நோக்கி ஓடிச் சுவரில் முட்டிச் செத்தான். பிறந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறவன் யாரோ கட்டிலை நகர்த்திவிட்டதில் இடித்துக்கொள்கிற மாதிரி.

இரண்டாவது பாதியில்தான் அது நடந்தது. பி பிளாக்கில் ஒருவன் இன்னொருவன் தோளில் ஏறி, கை கழுவும் இடத்தின் ஜன்னலுக்கு மேலே இருந்த சன்ஷேடில் நின்றுகொண்டான். அங்கிருந்து வென்டிலேட்டர் சந்து வழியாக மாடிப்படித் திருப்பம் தெரிந்தது. அவ்வளவு சின்னச் சந்து. அதில் வரைந்தவன் தலை கடந்துபோனது, விழுந்தான். அடுத்த ரவுண்டு, அதே இடம், மறுபடியும் அவனே. மூன்றாவது முறை அவன் சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தான். கேப்டன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ‘நீ எவன்டா, எந்தப் பக்கம்டா?’ என்றான்.

‘மாப்ள, அங்க ஏற முடியும்னு எனக்கே தெரியாதுடா!’

அந்தச் சிரிப்பை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை ராத்திரி அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது ஓடிய விஸ், அந்தச் சன்ஷேடுக்குப் பக்கத்து மூலையிலிருந்து மாடிப்படித் திருப்பம் தெரியும் என்று கணக்குப் போட்டு ஃபைலில் எழுதித்தான் வைத்திருக்கும். எண்களாக உள்ளேயே இருந்தது. வரைந்தவனுக்குத் தெரியாது. அதைப் பார்க்க, அந்த இடத்தைத் தன் இடமாக நினைத்து இரண்டு ராத்திரி சுற்றிச் சுற்றி வந்த ஒரு அந்நியன் தேவைப்பட்டான். சனிக்கிழமை சாயங்காலம் ஃபைலைக் கொடுத்திருந்தால் அந்தச் சன்ஷேடில் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள், நாங்கள் ஜெயித்திருப்போம். அவன் ஜெயிக்கவும்தான் ஆசைப்பட்டான், அதில் சந்தேகம் வேண்டாம். செத்துச் செத்து எழுந்தவன் கடைசி ரவுண்டில் மூன்று பேரைத் தனியாக எடுத்தான். தோற்றபோது முகம் எங்களுடையதைவிட அதிகமாகத் தொங்கியது. ஒரு பக்கம் இருந்துகொண்டே, அந்தப் பக்கம் தோற்கிற விதத்தில் சந்தோஷப்படவும் ஒரு மனுஷனால் முடிந்தது. இதற்கு முரண் என்று பெயர் வைக்கலாம். எனக்கு அதைப் பார்த்தபோது முரணாகத் தெரியவில்லை.

14-16. பரோட்டாவுக்குக் கேப்டன்தான் அதிகம் காசு போட்டான்.

அடுத்த பதிப்பில் அந்தச் சந்தை அடைக்கச் சொன்னோம். அவன் அடைக்கவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு கட்டிலைக் கூடுதலாகச் சாய்த்து வைத்தான், குனிந்து போகிறவன் தப்பிக்கலாம் என்கிற அளவுக்கு. அதன் பிறகு வந்த மேட்சில் முதல் ஆளாகச் சன்ஷேடில் ஏறியவன் எங்கள் கேப்டன். அந்த இடத்துக்கு ‘சன்ஷேட்’ என்றே பெயர் நின்றுவிட்டது, இடித்துப்போன தியேட்டரின் பெயரில் நிற்கிற பஸ் ஸ்டாப் மாதிரி. நான்காம் வருடக் கடைசியில் நிஜ மெஸ்ஸில் கை கழுவப் போகிற ஜூனியர்கள்கூட, மேப்பை ஒரு தடவையும் ஆடாதவர்கள், குழாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தரம் மேலே பார்த்துக்கொள்வார்கள்.